ஏழாவது வீட்டுத் துணி

ஊசி இறங்கவில்லை. அம்சவேணி கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு இன்னொருமுறை அழுத்தினாள். ஊசி பாதிவரை போய், உள்ளே எதிலோ உரசி நின்றது. ஆறு வீட்டுப் பழந்துணிகளைப் பேசாமல் தைத்துக்கொண்டு வந்த அதே ஊசி, ஏழாவது வீட்டு மடிப்புக்கு வந்ததும் சண்டித்தனம் பண்ணியது. "உனக்கும் அந்த வீட்டுக்காரங்கன்னா பயமா?" என்று ஊசியைத் திட்டினாள். நான்கு நாட்களாக அவள் எல்லாரையும் திட்டித் தீர்த்திருந்தாள். ஊசி ஒன்றுதான் பாக்கி.

எதிரே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த வடிவாம்பாள் சிரிக்கவில்லை. அம்சவேணியின் ஓரகத்தி அவள், கொழுந்தன் கலியாணசுந்தரத்தின் பெண்சாதி. எட்டு மாதம். இந்தப் போர்வை அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான்.

பட்டு நெய்கிற தெரு என்று ஊரெல்லாம் பேர். ஆனால் அந்தத் தெருவில் பிறக்கிற தலைப்பிள்ளை படுப்பதென்னவோ கந்தலில்தான். ஏழு வீட்டுக்குப் போய், உடுத்தித் துவைத்து நைந்த துணியாகக் கேட்டு வாங்கி, அடுக்கித் தைத்து, அதன் மேல்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும். அடுத்த தெருத் தெலுங்குக்காரர்கள் பொந்த என்பார்கள், இவர்களுக்கு ஒட்டுப்போர்வை. துணி கேட்டு வந்தவளை எந்த வீட்டிலும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. வாங்கியவளும் அதை உதறிப் பார்க்கக்கூடாது, இவ்வளவுதானா என்று கண்பட்டுவிடுமாம். கொடுத்த மடிப்பு கலையாமல் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைத்துத் தைத்துவிட வேண்டும்.

போன வாரம்வரை மத்தியானமானால் இந்தக் கூடத்தில் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைத்தார்கள். நாலு பேர் தைக்க ஒருத்தி படிப்பாள். படிக்கிறவள் எப்போதும் அம்சவேணிதான், மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புவரை போனவள். அவள் புருஷன் வேலாயுதம் வாசகசாலையிலிருந்து இரவல் வாங்கி வரும் துப்பறியும் நாவல்களில் கடைசி நாலு பக்கம் எப்போதும் கிழிந்தே இருக்கும். யார் திருடன் என்று அம்சவேணியே முடிவுகட்டிச் சொல்வாள். ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த நூல், வேலைக்காரன் முழித்த முழி, சமையல்காரி இல்லாத நேரம் என்று காரணம் அடுக்குவாள். ஊசியை வாயில் கடித்துக்கொண்டு எல்லாரும் கேட்பார்கள். "நம்ம தெருவுக்குப் போலீசே வேணாம், அம்சா போதும்" என்பாள் தேவகி. அப்போது அது தமாஷாக இருந்தது.

இப்போது அந்த ஐந்து பேரில் தேவகி ஒருத்திதான் வருகிறாள். அவளும் புழக்கடை வழியாக, முக்காடு போட்டுக்கொண்டு வருகிறாள். திருடி இருக்கிற வீட்டுக்கு வாசல் வழியாக வந்தால் பேராகிவிடும் அல்லவா?

பங்குனியில் தெருக்கோடி அம்மனுக்குக் கல்யாண உற்சவம். அன்றைக்குச் சாத்துகிற சேலையை நெய்கிற உரிமை பெரியதனக்காரர் கைலாசத்தின் தறிக்கு. இருபது வருஷமாக அவர்தான். நெய்து முடிக்கிறவரை ஒருவேளைச் சோறு, ஈரவேட்டி, கூலிக்காரர் யாரையும் அந்தத் தறியில் உட்கார விடமாட்டார். இந்த வருஷம் கிளிப்பச்சை உடல், அரக்கு முந்தானை, இரண்டு பக்கமும் கோபுரக் கரை. சனிக்கிழமை காலையில் தறியிலிருந்து அறுத்தார். திங்கட்கிழமை, சேலையைக் காணோம் என்று தெரு முழுக்கச் செய்தி. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குத் தார், அதாவது ஊடைநூல், அந்த வீட்டுக்குச் சுற்றித் தருகிறவள் வடிவாம்பாள். சனிக்கிழமை சாயங்காலம் வெறும் தார்க்குச்சிகளை எடுத்து வரப் போனபோது தறிக்கூடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறாள். போதாதா?

போதும் என்றது தெரு. அதிலும் கொடுமை, யாரும் கோபமாகச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னார்கள். "மசக்கைக்காரி, பட்டு மேல ஆசை வந்திருக்கும். எடுத்த எடத்துல வெச்சிடச் சொல்லுமா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று கிணற்றடியில் ஒருத்தி அம்சவேணியின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தோளைத் தட்டிய கையை அம்சவேணி குடத்தாலேயே தள்ளிவிட்டாள். செவ்வாய்க்கிழமை தெருக்கூட்டம். வெள்ளிக்கிழமை பொழுது சாய அம்மன் சந்நிதியில் வடிவாம்பாள் உள்ளங்கையால் கர்ப்பூரத்தை அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் வேலாயுதத்துக்கும் கலியாணசுந்தரத்துக்கும் இந்தத் தெருவில் ஒருவரும் நெய்வதற்குப் பாவு தரமாட்டார்கள்.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கர்ப்பூரம் அணைக்கக்கூடாது, அணைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். உப்பெடுக்கப் போய் உள்ளே இருந்தவர்கள் விடுதலையாகி வந்து ராஜவீதியில் கூட்டம் போட்ட பங்குனி அது. தெருப் பிள்ளைகள் இருவர் அதில் மாலை போட்டுக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக்காரனுக்குப் பயப்படாத தெரு கைலாசத்துக்குப் பயந்தது. கைலாசம் தன் வாயால் வடிவாம்பாளின் பேரைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். மற்றவர்கள் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"நான் அணைச்சிடறேன்கா" என்றாள் வடிவாம்பாள், இரண்டு நாளில் பத்தாவது தடவையாக. "பொறக்கும்போதே திருட்டுப் பேரோட பொறக்க வேணாம்."

"பேசாம கெட."

"வேற வழி இருக்குதா? நீங்களே என் பொட்டியத் தொறந்து பாத்தீங்க."

அம்சவேணி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். உண்மை. திங்கட்கிழமை செய்தி வந்த உடனே, வடிவாம்பாள் குளிக்கப் போன நேரத்தில், அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்து, எடுத்த வரிசையிலேயே திருப்பி அடுக்கி வைத்திருந்தாள். நாவலில் வரும் துப்பறிகிறவர் அப்படித்தான் செய்வார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் தின்கிற பெண்ணை நம்பாமல், வெட்கமில்லாமல் செய்திருந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பூட்டறப்ப சாவிக்கயிற எடது பக்கம் தொங்க விட்டுட்டீங்க. நான் வலது பக்கம் விடுவேன்." வடிவாம்பாள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது. தெருமேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிஷத்தில் அம்சவேணியின் மேலேயே திரும்பிற்று. பக்கம் பக்கமாகப் படித்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுத்தே தெரியாத பெண் ஒரு கயிற்றை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த எரிச்சலில்தான் அவள் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினாள். ஊசி வளைந்தது.

ஏழாவது மடிப்பு கைலாசம் வீட்டுத் துணி. பழி விழுவதற்கு முன்பே ஆறு வீட்டில் வாங்கியாகிவிட்டது. ஏழாவதாகப் பெரியதனக்காரர் வீடு என்று பேசி வைத்திருந்தது. வேறு வீடு பார்க்கலாம் என்றாள் தேவகி. அம்சவேணி கேட்கவில்லை. நேற்று, புதன்கிழமை, வேண்டுமென்றே அந்த வாசலில் போய் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி "பிள்ளைத்துணி கேட்டு வந்திருக்கேன்" என்றாள். முடியாது என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்ற வீம்பு. கைலாசத்தின் மனைவி கிருஷ்ணவேணி உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். வெளுத்த வேட்டி ஒன்றை நாலாக மடித்து, ஓரத்தை நூலோட்டிக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "உதறாம வெச்சித் தை" என்று மட்டும் சொன்னாள். வழக்கம் தெரியாதவளுக்குச் சொல்வது மாதிரி சொன்னாளே என்று அதற்கும் அம்சவேணிக்குக் கோபம் வந்தது.

இப்போது அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. மடித்த துணியின் ஓரத்தை யாராவது நூலோட்டிக் கொடுப்பார்களா? மற்ற ஆறு வீட்டில் ஒருவரும் அப்படிக் கொடுக்கவில்லை.

"அம்சா, வேணாம்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்த தேவகி. "பிரிக்கக் கூடாது."

"கூடாதத எல்லாம் ஊரே செய்யுது. நான் ஒண்ணு செஞ்சா இன்னா?"

அரிவாள்மணையின் மூக்கில் நூலை அறுத்து வேட்டியைப் பிரித்தாள். உள்ளே இரண்டு சாண் நீளத்துக்குப் பட்டு. ஒரு பாதி கிளிப்பச்சை, மறுபாதி அரக்கு, ஓரத்தில் ஊசியைத் தடுத்த சரிகைக் கரை. தண்ணீரே படாத புதுத்துணி, பாவுக்குப் போட்ட கஞ்சி விறைப்புக்கூடப் போகவில்லை. இரண்டு முனையும் கருகிச் சுருண்டு கட்டிதட்டி இருந்தன.

வடிவாம்பாள் ஊர்ந்து வந்து பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு நான்தான் தார் சுத்தினேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

தேவகி கருகிய முனையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் வீடு கைலாசத்தின் வீட்டுக்கு ஒட்டின வீடு, புழக்கடைக்கு நடுவில் ஒரு குட்டிச்சுவர்தான். "ஞாயித்துக்கிழமை விடிகாலம் மயிர் பொசுங்கற நாத்தம் வந்துதுமா. வெந்நீர் அடுப்புல எவ தலைமுடியப் போட்டான்னு நான்கூடத் திட்டினேன்" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டை எரித்தால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரும். பட்டுநூலிலேயே பிறந்து வளர்ந்த தெருவில் அது தெரியாதவர் கிடையாது. நாற்றம் வந்த அன்றைக்கு ஒருவருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் புதுப்பட்டைக் கொண்டுபோய் அடுப்பில் வைப்பான் ஒருவன் என்று யார் நினைப்பார்கள்?

சாயங்காலம் தறியிலிருந்து எழுந்து வந்த வேலாயுதத்தின் முன்னால் அதைப் போட்டாள். அவன் விளக்கைக்கூட ஏற்றச் சொல்லவில்லை. பச்சைப் பாவும் அரக்குப் பாவும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். உடல் பாவின் ஒவ்வொரு இழையையும் முந்தானைப் பாவின் ஒவ்வொரு இழையோடு கையால் பிணைக்கிற இடம் அது, பிட்னி என்பார்கள். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய் மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது.

"கைலாசண்ணன் கைதான்" என்றான். "நாலு விரக்கடை அகலத்துக்கு இழை ஒண்ணு விட்டு ஒண்ணு பிணைஞ்சிருக்குது. அம்மனுக்குச் சாத்தி ரெண்டு சுத்து இழுத்தா எல்லார் முன்னாடியும் பிரியும்." கொஞ்சம் பொறுத்து, "கண்ணு தெரியலை போல. பாவம்" என்றான்.

"பாவமா?"

"சத்தம் போடாதடி."

"அவரு பண்ணின தப்ப அவரே அடுப்புல போட்டுட்டு, எட்டு மாசக்காரிய கர்ப்பூரத்துல கைய வெக்கச் சொல்றாரு. பாவம் அவரா?"

வேலாயுதம் நல்லவன்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரம். நல்லவனாக இருந்துகொண்டே அவன் சொன்னான்: "அம்மன் சேலைய நெருப்புல போட்டாருன்னு வெளிய வந்தா அவரு இந்தத் தெருவுலயே இருக்க முடியாது. இருபது வருஷப் பேரு. எனக்குத் தொழில் கத்துக் குடுத்த கை அது. நான் தனியாப் போய்ப் பேசறேன், சத்தியத்த நிறுத்திடச் சொல்றேன். இத நீ வெளிய எடுக்காத."

"சத்தியத்த நிறுத்திட்டா? எடுத்தவ பயந்துட்டான்னு சொல்லுவாங்க. சாகிற வரைக்கும் சொல்லுவாங்க. பொறக்கிறதையும் சொல்லுவாங்க." வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கைலாசம் வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள், கைலாசம் கதவைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றடியில் கிருஷ்ணவேணி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். அம்சவேணி வந்ததும் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள், திருட்டு ஒட்டிக்கொள்ளும் என்பதைப்போல. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று.

"நீங்க குடுத்த துணியப் பிரிச்சிட்டேன்" என்றாள்.

கிருஷ்ணவேணி கயிற்றை விடவில்லை. இழுத்துக்கொண்டே சொன்னாள். "வலக்கண்ணு ரெண்டு வருஷமா தெரியலை அவருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியும். அறுத்து விரிச்சப்பதான் கையில தட்டுப்பட்டுது. ஒரு நாள் பூரா சோறு தண்ணி இல்லாம அதப் பாத்துக்கினே உக்காந்திருந்தாரு. நான் எழுந்து போறதுக்குள்ள அடுப்புல போட்டுட்டாரு. கையில கெடச்சத இழுத்தேன்." இடது கையை நீட்டினாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"இத ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"வேற எங்க வெக்கறது? வீட்டுல வெச்சா மறுபடி எரிப்பாரு. நீ கண்டுபிடிச்சா கண்டுபிடி, இல்லாட்டி அந்தப் பிள்ளையாவது அம்மன் சேலை மேல படுத்து வளரட்டும்னு நெனைச்சேன்."

அம்சவேணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவள் பேரில் இரக்கப்பட வேண்டும் என்று அந்தப் புண்ணைப் பார்த்ததும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "வாய் இருக்குதே உங்களுக்கு! செவ்வாக்கிழமை கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயால சொல்ல வேண்டியத மடிச்சி நூலோட்டி அனுப்பினீங்க. ஊசி தடுக்காம போயிருந்தா?"

"போயிருந்தா போயிருக்கும்" என்றாள் கிருஷ்ணவேணி. "உன் வீட்டுக்காரரு நேத்து வந்து எங்க கதவத் தட்டினாரு. உன்னச் சும்மா இருக்கச் சொன்னாரா இல்லியா?" குடத்தை இடுப்பில் வைத்தாள். "நான் முப்பது வருஷமா சும்மா இருக்கேன்மா. ஒரே நாள்ல பேச வந்துடுமா?"

அம்சவேணி வெறுங்குடத்தைத் தூக்கினாள். தண்ணீர் சேந்தாமலே வீட்டுக்கு வந்தாள்.

பொழுது சாய்ந்தது. அம்மன் கோயில் முன்மண்டபத்தில் தெருப் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பாதுரை, எழுபது வயதுக்காரர், கைலாசத்துக்கு அடுத்தபடி பேர்பெற்ற தறி அவருடையது. அம்மன் சேலை நெய்கிற உரிமை எப்போது தன் வீட்டுக்கு வரும் என்று பத்து வருஷமாகக் காத்திருக்கிறவர். கைலாசம் தூணோரம் நின்றார். வாரத்துக்குள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் வந்திருந்தார்கள். திருவிழாவுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வராது. பூசாரி தட்டில் கர்ப்பூரத்தை வைத்து ஏற்றினார். கலியாணசுந்தரம் பெண்சாதியின் கையைப் பிடித்தான், பிறகு என்ன நினைத்தானோ விட்டுவிட்டான்.

வடிவாம்பாள் ஓரடி முன்னால் வந்தாள். அதற்குள் அம்சவேணி கக்கத்தில் வைத்திருந்த போர்வையை மண்டபத்துக் கல்லில் உதறி விரித்தாள். பாதி தைத்த போர்வை, நடுவில் பிரிந்து கிடந்த இடத்தில் பச்சையும் அரக்கும் தெரிந்தன. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டான்.

"சத்தியம் அப்பறம்" என்றாள். "எல்லாரும் தறிக்காரங்க. வந்து தொட்டுப் பாருங்க."

"கோயிலுக்குக் கந்தலக் கொண்டாந்து போடுறியேமா" என்றார் ஒருவர்.

"பிள்ளைத்துணி. ஏழு வீடு குடுத்தது. ஏழாவது வீடு எதுன்னு நான் சொல்ல மாட்டேன், உங்க விரல் சொல்லும்."

அப்பாதுரை மெல்லக் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலை ஓட்டினார். எங்கே நிற்கும் என்று அம்சவேணி எதிர்பார்த்தாளோ அங்கே நின்றது. கருகிய முனையைத் தொட்டார், விரலை முகர்ந்தார். நிமிர்ந்து தூணோரம் பார்த்தார். பிறகு எழுந்து தன் இடத்துக்குப் போனார். அடுத்தவர் வந்தார். அவர் விரலும் அங்கேயே நின்றது. ஐந்து பேரும் வந்தார்கள், ஐந்து விரலும் நின்றன, ஐந்து பேரும் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

நாவலாக இருந்தால் இந்த இடத்தில் எல்லாரும் ஆ என்பார்கள், குற்றவாளி ஓடப் பார்ப்பான், போலீஸ் மறிக்கும். கிழிந்துபோன அந்த நாலு பக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவள் இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள். யார் வீட்டுத் தறியில்தான் பிட்னி தவறவில்லை? யார்தான் மறைக்கவில்லை? பத்து வருஷமாகக் காத்திருந்த அப்பாதுரைகூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரமாச்சு. சத்தியம் வேணாம்பா. அம்மா பாத்துக்குவா. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

"எதுக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் அம்சவேணி.

"அதான் வேணாம்னு சொல்லியாச்சேமா."

"வடிவு எடுக்கலைன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. கர்ப்பூரம் எரியுது, அது முன்னாடி சொல்லுங்க. எடுத்தான்னு சொல்றதுக்கு இத்தன வாய் இருந்துதே, எடுக்கலைன்னு சொல்ல ஒரு வாய் இல்லியா இந்தத் தெருவுல?"

ஒருவரும் சொல்லவில்லை. கூட்டமும் கலையவில்லை. தட்டில் கர்ப்பூரம் யாரும் அணைக்காமலே கரைந்து, ஒருமுறை நீலமாகத் துள்ளி, தானாக அவிந்தது. பூசாரி தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அம்சவேணி அங்கேயே, மண்டபத்தின் நடுவில், கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஊசியை எடுத்தாள். இரட்டை நூல் கோத்திருந்தாள். பட்டுத் துண்டை இந்தமுறை உள்ளே வைக்கவில்லை. போர்வையின் மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, நடுவில் பரப்பி வைத்தாள். ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். சரிகை தடுத்தது. ஊசியின் காதை வளையலால் அழுத்தித் தள்ளினாள், இறங்கியது. வடிவாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெண்கள் பக்கமிருந்து யாரோ நடந்து வருகிற காலடி கேட்டது. புண்ணான கை ஒன்று போர்வையின் அந்தப் பக்கத்து மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அம்சவேணி நிமிர்ந்து பார்க்கவில்லை. பிடித்துக்கொள்ளட்டும், ஊசியைக் கொடுக்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கைலாசம் தூணை விட்டு வந்தார். ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார், அவர் விலக்கிவிட்டார். குனிந்து, தடுமாறி, ஒரு கையைக் கல்லில் ஊன்றி முட்டிபோட்டார். வலது கண்ணுக்குத் தெரியாததை முகத்தைத் திருப்பி இடது கண்ணால் தேடினார். கட்டைவிரலைப் பச்சையில் வைத்து நகர்த்தினார். அது ஐந்து பேர் விரலும் நின்ற இடத்துக்கு வந்து நின்றது, பிறகு அவர் அதை எடுக்கவில்லை. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் நிறுத்துவதில்லை என்று அவள் தைத்துக்கொண்டே வந்தாள். ஒரு தையல், அதற்கடுத்து ஒரு தையல், பச்சையும் அரக்கும் சேரும் கோட்டின்மேல் நேராக. கூட்டம் முழுவதும் ஊசியையே பார்த்தது. விரலுக்கும் ஊசிக்கும் நடுவில் நாலு தையலுக்கு இடம் இருந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. விரல் நகரவில்லை. அம்சவேணி நூலை இழுத்து இறுக்கிவிட்டு, ஊசியை மறுபடி தூக்கினாள்.